இரண்டு கை மரியாதை

எங்கள் கம்பெனியில் மரியாதைக்கு ஒரு பரிசு வைத்திருந்தால் அதை வருடா வருடம் அவருக்கே கொடுத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. உற்பத்திக்கு வைத்தார்கள். விபத்தில்லாத மாதத்துக்கு வைத்தார்கள். நடந்த சில விபத்துகள், அந்த இரண்டாவது பரிசை வாங்குவதற்காகவே, நடக்கவில்லை என்று ஆனதும் உண்டு. அவருடையது அதில் ஒன்று.

பெயர் சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம். முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்குச் சொல்லும் சொல். காரைக்காலில் தெருவுக்குப் பத்து நானா இருப்பார்கள், அதனால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்கிற பயம் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனியில் அவர் லோடிங் மேஸ்திரி. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். வரிச்சிக்குடியிலிருந்து என் பழைய ஸ்கூட்டரில் வருவேன், போகும்போது அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் தெருவில் இறக்கிவிடுவேன். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை நன்றி சொல்வார். ஸ்கூட்டருக்கும் சேர்த்துச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அவருக்கு ஒருமையில் பேசத் தெரியாது. லாரி கிளீனர், கேன்டீனில் தட்டு கழுவும் அம்மாள், வட்டிக்காரன், எல்லோரும் அவருக்கு ‘வாங்க’தான். கேட் வாசலில் குறுக்கே படுத்திருக்கும் நாயிடம், “கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நாயும் தள்ளிப் படுத்தது. எங்கள் மேனேஜரிடம் நாங்கள் கத்தியும் அவர் ஒரு நாளும் தள்ளிப் படுத்ததில்லை.

இன்னொரு வழக்கம். எதையும் வலது கையால்தான் கொடுப்பார், வலது கையால்தான் வாங்குவார். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் என்பீர்கள். நாமெல்லாம் அவசரமென்றால் இடது கையை நீட்டி, ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துவிடுவோம். அவர் அப்படியில்லை. வலது கையில் சுமை இருந்தால் சுமையைக் கீழே இறக்கி வைத்து, கையை வேட்டியில் துடைத்து, அப்புறம்தான் கேட் பாஸை நீட்டுவார். பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

அன்று லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த குழாய்க் கட்டின் கயிறு அறுந்தது. கட்டு சரிந்து அவர் வலது தோளில் விழுந்து, கையையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. ரத்தம் இல்லை. எலும்பு முறியவில்லை. சட்டையில் ஒரு பித்தான் தெறித்தது, அவ்வளவுதான். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு தைல பாட்டிலும் யாரோ வைத்து மறந்த சீப்பும் இருந்தன. தைலத்தைத் தடவினார்கள். விபத்தில்லாத மாதத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு மேனேஜர் தன் அறைக்குப் போனார். நானா தரையில் உட்கார்ந்தபடி லாரி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னால உங்களுக்கு லேட்டாயிடுச்சுங்க.”

நரம்பு ஒரு கெட்ட சாமான். கை போயிருந்தால் ஊர் நம்பும், கால் போயிருந்தால் ஓடிவந்து தூக்கும். நரம்பு போனால் கை அப்படியே இருக்கும், ஐந்து விரலும் இருக்கும், அதில் வாட்ச்கூட ஓடும். தோளுக்குக் கீழே கையைத் தானாகத் தூக்க முடியவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதைப் பிடித்திருக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. சூடு தெரியாது, குளிர் தெரியாது. இதை அவர் விளக்கிச் சொல்லமாட்டார். ‘நரம்புல கொஞ்சம் கோளாறுங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். நரம்பு என்றதும் எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு ஞாபகம் வருவது பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்தான். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் அக்கறையாக ஒரு லேகியத்தின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த விபத்துக்கு அப்புறம்தான் அவர் மரியாதை இரண்டு மடங்கானது. முன்பு ஒரு கையால் கொடுத்ததை இப்போது இரண்டு கையாலும் கொடுத்தார். வலது கையின் மணிக்கட்டுக்கு அடியில் இடது கையை வைத்து, இரண்டையும் சேர்த்து உயர்த்தி, லேசாகக் குனிந்து கொடுப்பார். முஸ்லிம்களில் சலாம் சொல்லிக் கை கொடுக்கும்போது இரண்டு கையாலும் பிடிப்பது வழக்கம்தானே, அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ‘நானா இப்ப ரொம்பப் பக்குவமாயிட்டாருல்ல’ என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். இடது கை வலது கையைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்தில். குழாய் வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணம், கம்பெனியிலிருந்து எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். மேனேஜரும் வந்திருந்தார். நானா அவரைக் கண்டதும் எழுந்துபோய் இரண்டு கையாலும் கை கொடுத்துக் குலுக்கினார். மேனேஜரின் டிரைவர் அதை போனில் வீடியோ எடுத்தான். மேனேஜர் எங்கே போனாலும் எடுப்பது அவன் வேலை.

அப்புறம் சாப்பாடு. அங்கே பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். நானாவை மூன்று பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை, நோன்பு வைத்திருப்பதாகச் சொன்னார். கல்யாணம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கள், வியாழனில் நோன்பு வைக்கிறவர்கள் உண்டு. பிரியாணி போடுகிற ஞாயிற்றுக்கிழமையில் தேடிப்போய் நோன்பு வைக்கிற ஆளை நான் கண்டதில்லை. ஆனால் அவர் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஒரு பெரியவர் அவருக்காகக் கையேந்தி அல்லாவிடம் துஆகூடக் கேட்டார்.

வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அவர் மனைவி வாசலிலேயே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். ஒரு கிண்ணத்தில் சோறும் ஒரு ஸ்பூனும் எடுத்துவந்து வைத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்தப் போனார். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நோன்பு என்றவருக்குச் சோறா என்று கேட்டேன், அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. விபத்தானதிலிருந்து அவர் வெளியில் யாருக்கும் முன்னால் சாப்பிட்டதில்லை. வலது கையால் பிசைந்தால் பாதி கீழே போகிறது. மற்றவர்கள் முன்னால் இடது கையால் சாப்பிட மனசு வரவில்லை.

“நாலு பேர் கை வைக்கிற தட்டுல எடக்கைய வைக்க முடியுங்களா தம்பி?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல்தான். கை செத்துப்போய்க் கிடக்கிறது, இந்த மனுஷன் ஊருக்குத் தெரியாமல் அதற்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாரே என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ குடிக்கிறீங்களா என்றார்.

கம்பெனிக்கு இந்த அலங்காரம் அதிக நாள் தேவைப்படவில்லை. லோடு ஏற்ற முடியாத மேஸ்திரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை அதற்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கையில் கோளாறு இல்லை, வாயில் என்றார்கள். எங்கள் ஊரில் சில வீடுகளுக்குத் தாத்தா காலத்து வேலைக்காக பிரான்சிலிருந்து இன்னும் பென்ஷன் வருகிறது. கடல் தாண்டி வருகிற பணம் தவறாமல் வருகிறது, ஊர் எல்லையைத் தாண்டி இருக்கிற கம்பெனியிலிருந்து வரவில்லை. நானா வீட்டில் அவர் மனைவி இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தார். பிழிகிற மாவைப் பிடித்துக்கொடுக்கக்கூட அவரால் முடியவில்லை. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு வாங்கச் சட்டம் இருக்கிறது என்று நான் அவரைத் தொழிலாளர் ஆபீசுக்கு இழுத்துப்போனேன். அது கிடைத்தால்தான் அந்த வீடு நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், மேனேஜர் வருத்தப்படுவாரோ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மேனேஜர் வருத்தப்படவில்லை. விபத்தே நடக்கவில்லை என்று கம்பெனி பதில் கொடுத்தது. அடுத்த வரியிலேயே, விபத்து நடந்தபோது அவர் குடித்திருந்தார் என்றும் சொன்னது. நடக்காத விபத்தில் அவர் எப்படிக் குடித்திருந்தார் என்று நான் கேட்டேன். வெளியூர்க்காரர்கள் காரைக்காலுக்கு எதற்காக வருகிறார்கள் என்று உலகத்துக்கே தெரியும், அதனால் எங்கள் ஊரில் ஒருவன் கீழே விழுந்தால் முதலில் வாயைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். ஐந்து வேளைத் தொழுகையை விடாத மனுஷன் அதைக் கேட்டுக் கண் கலங்கினார். அன்றும் மேனேஜரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

நரம்பைச் சோதிக்க மெடிக்கல் போர்டுக்குப் போகச் சொன்னார்கள். அதற்குப் பாண்டிச்சேரி போக வேண்டும். எங்கள் அரசாங்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு மாநிலத்தைக் கடந்துதான் போக வேண்டும், அப்படி ஒரு பாக்கியம் எங்களுக்கு. விடியலில் பஸ் ஏறினோம். நானா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, புதுச் செருப்பு என்று மாப்பிள்ளை மாதிரி வந்தார். டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அழுக்காகப் போவதா என்றார். சட்டைப் பித்தான்களை மனைவிதான் போட்டுவிட்டிருந்தார். அதை டாக்டரிடம் சொல்லுங்கள் என்று வழி நெடுகப் படித்துப் படித்துச் சொன்னேன்.

டாக்டர் நல்ல மனுஷன். முகத்தைப் பார்த்துச் சிரித்து, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேங்க” என்றார் நானா, வழக்கம்போல் அல்லாவுக்குப் புகழ் சொல்லி. சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஸ்கேனை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து கொடுத்தார்.

போர்டின் முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? நலமாக இருப்பதாக அவரே கூறினார், இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறார் என்று வந்தது. திரும்பும் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. சிதம்பரம் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

“அக்கறையா கேக்குற மனுசங்கிட்ட நல்லா இல்லன்னு சொன்னா, அவுங்க மனசு கஷ்டப்படாதா தம்பி?”

 கொள்ளிடம் பாலம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் விசாரணை. தொழிலாளர் ஆபீசில் ஒரு பெண் அதிகாரி. எதிரே கம்பெனி வக்கீல், பக்கத்தில் மேனேஜர். வக்கீல் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு அதிகாரியிடம் நீட்டினார். அந்தக் கல்யாண வீடியோதான். நானா மேனேஜரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குகிறார், முகமெல்லாம் சிரிப்பு. தனக்குக் கிடைத்த மரியாதையையே சாட்சியாகக் கொண்டுவந்து வைத்த மேனேஜரை நான் அன்றுதான் பார்த்தேன். இது நீங்கள்தானா என்று அதிகாரி கேட்டார். ஆமாங்க என்றார். கை நன்றாக வேலை செய்கிறதே என்றார் அதிகாரி. நானா மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் அவரை இடித்தேன். உயிரில்லாத கையை இன்னொரு கையால் தூக்கி உங்களுக்குக் கொடுத்தேன் என்று அவர் மேனேஜர் எதிரே சொல்ல வேண்டும். கொடுத்த மரியாதையைத் திருப்பி வாங்குவது மாதிரி அவருக்கு அது.

வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். டீ வந்தது. ஆபீஸ் பையன் பேப்பர் கப்பில் எல்லோருக்கும் கொடுத்தான். வக்கீல் வெற்றிக் களிப்பில், தன் பக்கத்தில் இருந்த ஒரு கப்பைத் தானே எடுத்து நானாவுக்கு நீட்டினார். நானா எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். வலது கை விரல்களுக்கு பேப்பர் கப் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தெரியவில்லை. கப் நசுங்கியது. கொதிக்கக் கொதிக்க டீ அவர் வலது கை முழுக்க வழிந்து, இரண்டு சொட்டு வக்கீலின் பேன்ட்டில் விழுந்தது. வக்கீல் நாற்காலியோடு துள்ளி எழுந்து, சூடு சூடு என்று உதறினார்.

“மேல பட்டுடுச்சுங்களா? மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க” என்று நானா இடது கையால் தன் தோள் துண்டை எடுத்து வக்கீல் மேஜையைத் துடைக்கப் போனார். நசுங்கிய கப் இன்னும் வலது கையில்தான் இருந்தது. அதிலிருந்து மிச்ச டீ விரல்களில் ஆவி பறக்க வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

அதிகாரிதான் மெதுவாகச் சொன்னார். “ஐயா, உங்க கையப் பாருங்க.”

அவர் பார்த்தார். விரல்கள் சிவந்து புடைக்க ஆரம்பித்திருந்தன. யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, அதை எங்கள் கண்ணில் படாமல் துண்டால் மூடினார். அறையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை. மறுபடியும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொன்னார் அதிகாரி.

கை கொப்புளித்தது, கட்டுப் போட்டார்கள். அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்துவிட்டது. நரம்பு போய்க் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கொப்புளத்தைப் பார்க்க ஹார்லிக்ஸ், சாத்துக்குடி சகிதம் வந்தார்கள். லேகியம் சொன்னவன்கூட வந்து உச்சுக் கொட்டினான். நானா எல்லோரிடமும் இடது கையால் பையை வாங்கிக்கொண்டு, ‘கட்டு போட்டிருக்குங்க, தப்பா நெனக்காதீங்க’ என்றார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. கட்டு அவருக்கு இடது கையைப் பயன்படுத்த ஒரு அனுமதி மாதிரி ஆகிவிட்டது. ஒரு விருந்தில் ஸ்பூன் கேட்டு வாங்கி, தனித் தட்டில், ஆளோடு ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். எத்தனை காலத்துக்கு அப்புறம்! நானும் பக்கத்தில் இருந்தேன். என் வழக்கப்படி அவரைக் கிண்டல் செய்துகொண்டே சாப்பிட்டேன்.

கொப்புளம் ஆறிவிட்டது. அவர் கட்டைப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மனைவி புதுத் துணி சுற்றிவிடுவார்.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவருடைய கைக் குறைபாட்டுக்குக் காரணம் அண்மையில் ஏற்பட்ட தீக்காயம்தான் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள். கட்டோடு அவர் தெருவில் நடக்கும் படத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்வதைப் பார்த்தால் நஷ்டஈட்டை டீக்கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

மறுபடியும் பாண்டிச்சேரி. இந்த முறை பஸ்ஸில் நான் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. போர்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிடும் முன் அவராகவே கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். துணியைத் தொடை மேல் வைத்து நீவி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வலது கையைத் தொங்கவிட்டபடி உள்ளே போனார்.

அதே டாக்டர்தான். அன்று கூட்டம் அதிகம், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தலை நிமிராமல் அதையே கேட்டார்.

“எப்படி இருக்கீங்க?”

 நானா இடது கையை மட்டும் நீட்டி ஸ்கேனை மேஜை மேல் வைத்தார்.

“நல்லா இல்லீங்க” என்றார்.

டாக்டர் சரி என்று தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி வலது கையில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார்கள், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று ஒரு நர்ஸ் கேட்டார். வலிக்காததற்குத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

கேஸில் ஜெயித்தோம். கம்பெனி முனகிக்கொண்டே நஷ்டஈடு கொடுத்தது, அந்த வீடு நின்றது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று கொஞ்ச நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு பிழைப்புக்காக மயிலாடுதுறை பக்கம் போய்விட்டேன், தொடர்பு விட்டுப்போயிற்று.

ரொம்ப நாள் கழித்துக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நாகூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அதே அத்தர். வலது கை சட்டைப் பக்கத்தில் தொங்கியது, கட்டு இல்லை. ஓடிப்போய், “நானா, எப்படி இருக்கீங்க?” என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நீங்க கேக்குறீங்களா தம்பி, வேற யாருக்காகவாவது கேக்குறீங்களா?”

மனுஷன் கடைசியில் என்னிடமிருந்து கிண்டலைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

“நான்தான் நானா கேக்குறேன்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அதன் பின்னால் வழக்கமாக வரும் ‘நல்லா இருக்கேங்க’வுக்காக நான் நின்றேன். அது வரவில்லை, நாகூர் பஸ் வந்துவிட்டது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.